84-ஐ வாங்குவதா, 78-ஐ வைத்துக்கொள்வதா?

கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. காந்தி மைதானம் சேறாகிவிடும். பந்து வீட்டு மூலையில் காற்று இறங்கிக் கிடக்கும். அந்த மாதிரி நாட்களில் அத்தை வீட்டு மாடியறைதான் எங்களுக்கு மைதானம். ஒரு பழைய பி.எஸ். 4, ஒரு டிவி, கரண்ட் இருக்கும்வரை எஃப்.சி. 24 என்ற கால்பந்து கேம். ஒரு கிளப்பை சீசன் சீசனாக நடத்தும் கேரியர் மோடு அதில் உண்டு. நானும் அத்தை பையனும் சேர்ந்து ஒரே கேரியர் மோடை ஓட்டுகிறோம். ஓர் ஆட்டம் நான், அடுத்தது அவன். ஆள் வாங்குவதும் விற்பதும் மட்டும் ரெண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான்.

ஆட்டத்துக்குள் ஜனவரி மாதம் வந்தது. வீரர்கள் கைமாறும் விண்டோ திறந்தது. சண்டையும் கூடவே வந்தது.

எங்கள் ஸ்ட்ரைக்கரின் ஓவரால் ரேட்டிங், அதாவது மொத்தத் திறனுக்கான எண், 78. வயது 24. லீகில் 14 ஆட்டம், 11 கோல். சந்தையில் 84 ரேட்டிங்கோடு ஒருவன் வந்து நிற்கிறான். அவனை எடுத்தால் கையிலிருக்கும் பட்ஜெட்டில் முக்கால்வாசி போய்விடும்.

"84 மச்சான், 84!" என்கிறான் அத்தை பையன்.

"11 கோல் மாப்ள. அதுக்கு என்ன பதில்?" என்கிறேன் நான்.

எண்ணை நம்புவதா, களத்தில் பார்த்ததை நம்புவதா? கால்பந்து கேம் ஆடும் எல்லோருக்கும் ஏதோ ஒரு கட்டத்தில் வரும் கேள்வி இது. அன்று இரவு நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். முடிவில் நாங்கள் இருவருமே தப்பான பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தது தெரிந்தது. அது எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

அந்த 84 எங்கிருந்து வருகிறது

ஓவரால் என்பது கேம் நேரடியாகக் கொடுக்கும் மதிப்பெண் கிடையாது. பினிஷிங், பொசிஷனிங், பால் கன்ட்ரோல், ஷாட் பவர், ஹெடிங், ஆக்சிலரேஷன், ஸ்பிரின்ட் ஸ்பீடு என்று ஒவ்வொரு வீரனுக்கும் முப்பதுக்கும் மேற்பட்ட தனி எண்கள் உண்டு. ஆடும் இடத்துக்கு ஏற்ப ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை போட்டுக் கூட்டினால் வருவது ஓவரால். ஆகவே ஒரே ஆளை ஸ்ட்ரைக்கராக வைத்தால் ஓர் எண், விங்கில் வைத்தால் வேறு எண்.

அந்த எடைதான் விஷயமே. ஸ்ட்ரைக்கருக்கு பினிஷிங்கும் பொசிஷனிங்கும் பெரும்பங்கு வகிக்கின்றன. ரசிகர்கள் பல பதிப்புகளாகப் பிரித்துப் போட்டுப் பார்த்ததில், ஆக்சிலரேஷனும் ஸ்பிரின்ட் ஸ்பீடும் சேர்ந்தே பத்தில் ஒரு பங்கைத் தொடுவதில்லை. அப்படியென்றால் ஒருவனுடைய வேகத்தில் 25 புள்ளியைப் பிடுங்கிவிட்டாலும் ஓவரால் ரெண்டு புள்ளிதான் இறங்கும். கோலுக்கு முன்னால் நின்று தடுக்கும் சென்டர் பேக்குக்கு இன்னும் மோசம், வேகம் கணக்கில் கிட்டத்தட்ட சேர்வதே இல்லை. ஆனால் களத்தில் என்ன நடக்கிறது? எதிராளி டிஃபென்டர்களுக்குப் பின்னால் ஓடிப் பிடிக்கும்படி ஒரு த்ரூ பால் போடுகிறான், உங்கள் 86 சென்டர் பேக் திரும்புவதற்குள் பந்து வலையில் இருக்கிறது. 86 பொய் சொல்லவில்லை. டாக்கிளிலும் ஹெடரிலும் அவன் 86-தான். நீங்கள் கேட்ட கேள்விக்கு அந்த எண்ணில் பதில் இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் இதை விளக்கத் தேயிலை போதும். அப்பா ஒரு ஃபேக்டரியில் சல்லடைப் பக்கம் வேலை பார்த்தவர். பி.ஓ.பி., பி.பி., டஸ்ட் என்று மூட்டையில் எழுதும் கிரேடெல்லாம் முக்கியமாகத் தூளின் அளவைத்தான் சொல்கின்றன, எந்தச் சல்லடையில் நின்றது என்பதை. டீ நன்றாக இருக்குமா என்பது அதில் தெரியாது. அதற்குக் குன்னூரில் டேஸ்டர் வேண்டும். அவர் ஸ்பூனில் உறிஞ்சி, நாக்கில் சுழற்றித் துப்பிவிட்டுச் சொல்வதை வைத்துத்தான் ஏலத்தில் விலை ஏறும், இறங்கும். கிரேடு தெரியாமல் வியாபாரம் நடக்காது. கிரேடு மட்டும் பார்த்து வாங்குபவர் ஒரே சீசனில் கடையைச் சாத்திவிடுவார்.

எண்ணுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு: அது பழைய செய்தி. 2015 செப்டம்பரில் இதே கேமின் பழைய பதிப்பான ஃபிஃபா 16 வந்தபோது இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி கிளப்பின் வார்டி, மஹ்ரெஸ், கான்டே எல்லோருக்கும் நடுத்தரமான எண்கள்தான். அந்த சீசனில் வார்டி தொடர்ந்து 11 லீக் ஆட்டங்களில் கோல் போட்டார். 2016 மே மாதம் பிரீமியர் லீக் கோப்பை லெஸ்டருக்குப் போனது. எண்கள் அதற்குப் பிறகுதான் பெரிதாக ஏறின. தபால் மாதிரி, விஷயம் நடந்து முடிந்த பிறகு வந்து சேரும்.

நிஜக் கால்பந்தில் நடக்கும் பல காரியங்களுக்கு எண்ணே கிடையாது. 2009 ஏப்ரலில் அர்ஜென்டினா லா பாஸுக்குப் போய் பொலிவியாவிடம் 6-1 என்று தோற்றது. மெஸ்ஸி களத்தில் இருந்தார், மரடோனா பயிற்சியாளர். லா பாஸ் கடல் மட்டத்திலிருந்து 3,600 மீட்டர் உயரம். மெஸ்ஸியின் எண் எதுவும் அன்று காலையில் குறைந்திருக்காது. கோத்தகிரி அதில் பாதி உயரம்தான். அதற்கே கீழே மேட்டுப்பாளையம் பக்கமிருந்து வரும் டீம்கள் ரெண்டாவது பாதியில் இடுப்பில் கை வைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, 11 கோல் மட்டும் உண்மையா?

"எண்ணைத் தூக்கிப் போடு, ஆட்டத்தைப் பார்" என்பதுதான் அன்று என் கட்சி. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 14 ஆட்டம் என்பது எவ்வளவு சிறிய கணக்கு என்று போட்டுப் பார்த்தால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 0.6 கோல் போடக்கூடிய சுமாரான ஸ்ட்ரைக்கர் ஒருவனை எடுத்துக்கொள்ளுங்கள். 14 ஆட்டத்தில் அவனிடம் எதிர்பார்க்க வேண்டியது எட்டோ ஒன்பதோ. ஆனால் அதே ஆள் வெறும் அதிர்ஷ்டத்தில் 11 அல்லது அதற்கு மேல் போடுவதற்கான வாய்ப்பு, நாலில் ஒன்றுக்குச் சற்றுத்தான் குறைவு. எதிர்ப்பக்கமும் உண்டு. ஆட்டத்துக்கு 0.4 கோல் எதிர்பார்க்கக்கூடிய நல்ல ஆள் தொடர்ந்து ஐந்து ஆட்டம் கோலே போடாமல் போவது ஏழு முறைக்கு ஒருமுறை சும்மாவே நடக்கும். ஐந்து ஆட்டம் காய்ந்துவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? "இவன் வேஸ்ட்டு" என்று பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அடுத்தவனைத் தேடுகிறோம். நான் சேமித்து வைத்து ஆடிய பழைய ஆட்டங்களில், அதாவது சேவ்களில், இப்படி விரட்டப்பட்டவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

கணினியோடு மோதும்போது இன்னொரு சிக்கல் கலந்துவிடும். பட்டனை அழுத்துவது யார்? வீரனின் ஆட்டம் என்று நாம் சொல்வதில் பாதி நம்முடைய ஆட்டம்.

இதைத்தான் அன்று ராத்திரி நோட்டில் பிரித்து எழுதினேன். 14 ஆட்டத்தில் ஏழு நான் ஆடினேன், ஏழு அத்தை பையன் ஆடினான். அந்த 11 கோலில் 8 அவன் ஆட்டங்களில் விழுந்தவை, 3 என்னுடையவை. அவன் பிடித்த பந்தையெல்லாம் டிஃபென்டர்களுக்கு நடுவில் த்ரூ பாலாகத் தள்ளிவிட்டு ஓடுகிற பேர்வழி. நம் 78-இன் வேகம் 91, அவனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. நான் பந்தை விங்குக்குக் கொண்டுபோய் கிராஸ் போடுகிறவன். 78-இன் உயரத்துக்கும் ஹெடிங்குக்கும் கிராஸ் போட்டால் கோல்கீப்பருக்குத்தான் பயிற்சி.

அப்புறம் அந்த 84-இன் விவரத்தைத் திறந்து பார்த்தேன். நல்ல உயரம், ஹெடிங், உடல் பலம், பினிஷிங் எல்லாம் பிரமாதம், வேகம் 66. அதாவது அவன் எனக்கான ஆள். 84 வேண்டும் என்று கத்திய அத்தை பையனுக்கு அவன் உதவவே மாட்டான். 78 போதும் என்று அடம்பிடித்த எனக்கு 78-ஆல் பெரிய பிரயோஜனம் இல்லை. அவன் எண்ணைப் பார்த்தான், நான் மொத்த கோலைப் பார்த்தேன். யாருமே உள்ளே பார்க்கவில்லை.

வாங்கியவுடன் 84 அப்படியே 84-ஆக ஆடுவான் என்பதும் இல்லை. கேரியர் மோடில் ஷார்ப்னெஸ் என்று ஒன்று உண்டு. அது குறைந்திருந்தால் களத்தில் எண்கள் கீழே இறங்கும், ஏறியிருந்தால் கொஞ்சம் கூடும். புது டீமில் வந்து இறங்குகிறவனுக்குச் சில வாரம் ஆட்டம் கொடுத்துத்தான் அதை ஏற்ற வேண்டும். அந்த வாரங்களில் நம் 78 பெஞ்சில் உட்கார்ந்து தன்னுடைய ஷார்ப்னெஸை இழந்துகொண்டிருப்பான்.

லேப்டாப்பில் கதை வேறு

மழையில் நெட் போய்விடும் ஊருக்கு ஃபுட்பால் மேனேஜர் என்ற கேம் நல்ல துணை. ஒருமுறை இறக்கிவிட்டால் ஆஃப்லைனில் காலம் தள்ளலாம். அதில் பட்டன் நம் கையில் இல்லை, ஆளையும் வியூகத்தையும் தேர்ந்தெடுப்பதோடு சரி. எனவே எண்ணா, ஆட்டமா என்ற கேள்வி அங்கே இன்னும் சுத்தமாக வருகிறது. பதில் மட்டும் சிக்கலாகிவிடுகிறது.

அங்கே கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு பண்பும் 1 முதல் 20 வரை. அவற்றுக்குப் பின்னால் தற்போதைய திறன், எட்டக்கூடிய திறன் என்று 200 வரை போகும் இரண்டு எண்கள் மறைந்திருக்கின்றன. ஆடுபவருக்கு அவை தெரியாது, நட்சத்திரங்கள்தான் தெரியும். நட்சத்திரத்தை நம்பி நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. அது உங்கள் அணியோடு ஒப்பிட்டுப் போடுவது. கீழ்நிலை லீகில் நான்கு நட்சத்திரம் வாங்குகிறவன், எட்டுப் பேர் படிக்கும் வகுப்பில் முதல் ரேங்க் வாங்கும் பையன் மாதிரி. மேல் லீக் அணி ஒன்றோடு ஒப்பிட்டால் அதே ஆளுக்கு அதே நாளில் ரெண்டு நட்சத்திரம். அதோடு, திறனை எடைபோடும் கோச்சும், ஆள் தேடிப் பார்த்துச் சொல்லும் ஸ்கவுட்டும் கெட்டிக்காரர்களாக இல்லாவிட்டால் நட்சத்திரமே தப்பாக விழும்.

மறைந்திருக்கும் பண்புகள்தான் சுவாரசியமானவை. ஒருவன் வாராவாரம் ஒரே தரத்தில் ஆடுவானா, பெரிய ஆட்டங்களில் பயப்படுவானா, அடிக்கடி காயம்படுவானா, அழுத்தத்தைத் தாங்குவானா, இதற்கெல்லாம் எண் உண்டு. திரையில் காட்டமாட்டார்கள். ஸ்கவுட் அறிக்கையில் ஒரு வரி குறிப்பாக வரும், பலர் அதைப் படிக்காமலே தாண்டிவிடுவார்கள். பினிஷிங் 16 வைத்திருக்கும் ஒருவன் சீசன் முழுக்கச் சொதப்பினால் அந்த ஒரு வரியைத் திரும்பப் போய்ப் படியுங்கள். அநேகமாக விடை அங்கே இருக்கும். ஒரே தரத்தில் ஆடாதவன் சில வாரங்களில் தன் எண்ணுக்குக் கீழேதான் ஆடுவான். களத்தில் தெரிவதற்கு மதிப்பு இருப்பது இந்த இடத்தில். மறைத்து வைத்ததை வெளியே கொண்டுவர நம்மிடம் இருக்கும் முக்கிய வழி, அவனை ஆட வைத்துப் பார்ப்பதுதான்.

எதைப் பார்ப்பது என்பதில் ஓர் எச்சரிக்கை உண்டு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பத்துக்கு இத்தனை என்று போடும் சராசரியை நான் பாதிதான் நம்புகிறேன். கோலும் அசிஸ்டும் அதை ஒரேயடியாகத் தூக்கிவிடும். கார்னர் அடிக்கும் ஃபுல் பேக் ஒருவனுக்கு என் சேவில் வாராவாரம் ஏழரை வந்தது. கார்னரை வேறொருவனிடம் மாற்றிக் கொடுத்தேன், ஏழரை அவனிடம் போய்விட்டது! பெனால்ட்டி அடிப்பவனுக்கும் இதே சலுகைதான். எதிரணியின் பந்தை நடுக்களத்தில் சத்தமில்லாமல் வெட்டிக்கொண்டே இருக்கும் மிட்ஃபீல்டர் நல்ல ஆட்டத்திலும் 6.8 வாங்கிக்கொண்டு போவான். அவனை விற்ற பிறகு டீம் ஏன் ஓட்டையாகிவிட்டது என்று தலையைச் சொறிவோம். ஸ்ட்ரைக்கருக்கு கோலைவிட, எத்தனை நல்ல வாய்ப்புகளில் போய் நின்றான் என்பதைக் காட்டும் எக்ஸ்பெக்டட் கோல்ஸ் கணக்கு சீக்கிரமாகவே உண்மையைச் சொல்லும். கோல் வராமல் அந்தக் கணக்கு மட்டும் நன்றாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம்.

எண்ணை ஒரேயடியாக மட்டம் தட்டவும் மனசு வரவில்லை. ஃபுட்பால் மேனேஜர் எண்களுக்குப் பின்னால் உலகம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் எவர்டன் கிளப் 2008-இல் இந்தத் தரவுத்தளத்தைத் தங்கள் ஸ்கவுட்டிங்குக்குப் பயன்படுத்த ஒப்பந்தமே போட்டது. அதே குடும்பத்தின் பழைய சாம்பியன்ஷிப் மேனேஜர் 01/02-இல் கூத்தும் நடந்திருக்கிறது. டோ மடெய்ரா என்ற கோல் இயந்திரத்தை வாங்காதவர்கள் இல்லை. அப்படி ஒரு கால்பந்து வீரரே நிஜத்தில் கிடையாது, தரவு சேர்த்த ஒருவர் செருகிவிட்ட பெயர். அதே கேமில் பெலாரஸ்காரர் மாக்சிம் சிகால்கோ கோல் மழை பொழிவார். நிஜ வாழ்க்கையில் காயங்கள் அவர் ஆட்டத்தைச் சீக்கிரமே முடித்துவிட்டன. 2020-இல், 37 வயதில் இறந்துபோனார். அவர் முகத்தைக்கூடப் பார்த்திராத எத்தனையோ பேர் அந்தச் செய்தியைப் படித்துவிட்டுச் சொந்தக்காரர் போனதுபோல உட்கார்ந்திருந்தார்கள்.

செல்போனில் ஈ-ஃபுட்பால் ஆடுகிறவர்களுக்கு ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே ஓவராலுக்குப் பக்கத்திலேயே அன்றைய கண்டிஷன் அம்புக்குறி இருக்கிறது. அம்பு கீழே பார்க்கும் 95-ஐவிட மேலே பார்க்கும் 90-ஐ இறக்குங்கள். வீரனின் பிளேயிங் ஸ்டைல், அதாவது அவன் ஆடும் பாணி, நீங்கள் நிறுத்தும் இடத்துக்குப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். பொருந்தாவிட்டால் அந்த ஸ்டைல் வேலையே செய்யாது. நெட் லேக் அடிக்கும்போது எந்த எண்ணும் காப்பாற்றாது, அது மலைக்காரர்களின் தலையெழுத்து.

எதற்கு எதைப் பார்ப்பது

என் பழக்கம் இப்போது இப்படி ஆகிவிட்டது. வாங்கும்போது ஓவராலை வாசற்படியாக மட்டும் வைத்துக்கொள்கிறேன். என் லீகுக்கு 75-க்குக் கீழே வேண்டாம் என்றால் அதோடு அதன் வேலை முடிந்தது. படி தாண்டி உள்ளே வந்தவர்களில், நான் ஆடும் விதத்துக்குத் தேவையான நாலு பண்பை மட்டும் பார்க்கிறேன். 78-க்கும் 80-க்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்துக்காகத் தூக்கம் கெடுவதில்லை. உள்ளே வந்தவனைத் தொடர்ந்து ஆட வைப்பதா என்பதற்குக் களம்தான் அளவுகோல், அதுவும் குறைந்தது பதினைந்து இருபது ஆட்டத்துக்குப் பிறகு, கோலை மட்டும் எண்ணாமல்.

விற்கும்போது கதை தலைகீழ். எஃப்.சி. கேரியர் மோடில் சந்தை விலை ஓவரால், வயது, எட்டக்கூடிய திறனான பொடென்ஷியல் இவற்றை ஒட்டித்தான் ஓடும். வாங்குகிறவன் எண்ணுக்குக் காசு கொடுக்கிறான் என்றால் நமக்கென்ன நஷ்டம்? எண் பெரிதாகவும் நமக்கு உபயோகம் சிறிதாகவும் இருப்பவனைத்தான் முதலில் விற்க வேண்டும்.

ஈசி லெவலில் கணினியோடு ஜாலியாக ஆடுகிறவர் இதையெல்லாம் மறந்துவிட்டு எண்ணைப் பார்த்தே வாங்கலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஆன்லைனில் மனிதர்களோடு மோதுகிறவர் வேகத்தையும், பழகாத காலின் திறனைக் காட்டும் வீக் ஃபுட் நட்சத்திரத்தையும், பிளேஸ்டைல் என்ற சிறப்புத் திறன்களையும் ஓவராலுக்கு முன்னால் பார்த்தே ஆக வேண்டும்.

எங்கள் சண்டைக்கு வருகிறேன். மறுநாள் நோட்டைக் காட்டினேன். அத்தை பையன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்போ நீ கிராஸ் போடறத நிறுத்து மச்சான், காசு மிச்சம்" என்றான். சொன்ன விதம் பிடிக்கவில்லை, சொன்னது சரி. 84-ஐ விட்டுவிட்டோம். அந்தப் பணத்தில் பாதிக்கும் குறைவாகக் கொடுத்து, ஓவரால் 76, வேகம் 85 என்று ஒரு சென்டர் பேக்கை எடுத்தோம். நான் த்ரூ பால் போடப் பழகினேன். முதல் நாலு ஆட்டம் அசிங்கமாக இருந்தது.

சீசன் முடிந்தபோது லீகில் மூன்றாவது இடம். நம் 78 இப்போது 81 ஆகிவிட்டான். திறந்து பார்த்தால் ஏறினது பொசிஷனிங்கும் ஷாட் பவரும் ஹெடிங்கும்தான், வேகம் அதே 91. எங்களுக்குக் கோல் போட்டுத் தந்தது எதுவோ அது ஒரு புள்ளிகூட ஏறவில்லை. அந்த நேரம் பெரிய கிளப் ஒன்று நல்ல விலைக்குக் கேட்டது. 75, 76 ரேட்டிங்கில் இதே வேகத்தோடு ஒருவனைப் பிடித்துவிட்டு இவனை அனுப்பிவிடலாம் என்றேன்.

அத்தை பையன் கன்ட்ரோலரை மடியில் ஒளித்துக்கொண்டான்.

"இவனப் போய் விக்கறதா? 81 மச்சான், 81!"